இறவானம் எவ்வளவு விடலாம்?

போன சனிக்கிழமை ரேஷன் சீனி வாங்கப் போன இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி மாப்பிள்ளையூரணி பக்கம் வீடு கட்டுகிறார். யுத்தம் முடிந்து இத்தனை நாள் ஆகியும் சிமென்ட்டுக்குப் பெர்மிட், கம்பிக்குப் பெர்மிட் என்று அலைகிற காலத்தில் ஒருவர் வீடு கட்டினால் சும்மா இருப்பாரா? பருப்பு வாங்க வந்தவர்களுக்கு வாசல்நிலை பற்றிச் சொல்கிறார். எண்ணெய் வாங்க வந்தவர்களுக்குக் கிணறு பற்றிச் சொல்கிறார். பெரிய மகனுக்கு ஓர் அறை, சின்ன மகனுக்கு ஓர் அறை, சாமிக்கு ஓர் அறை... எல்லாக் கணக்கும் தெருவுக்கு மனப்பாடம். அவருக்கு ஒரு மகளும் உண்டு. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பேச்சை மட்டும் அந்தக் கடையில் யாரும் எடுப்பதில்லை.

(பயப்பட வேண்டாம். அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “பேர மட்டும் போட்டுராதீங்க” என்றார். போடவில்லை.)

என் முறை வந்ததும் கல்லாவுக்கு அடியிலிருந்து பிளானை எடுத்து விரித்தார்.

“டீச்சரம்மா, நீங்க பத்திரிகைல எல்லாம் எழுதுதீங்க. ஒண்ணு சொல்லுங்க. எறவானம் எவ்வளவு விடலாம்?”

சுவரைத் தாண்டி வெளியே நீண்டு வருமே கூரையின் ஓரம் — அதைத்தான் கேட்கிறார். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு இது தெரியும் என்று எப்படித்தான் முடிவு செய்தாரோ! போன மாதம் ஒருவர் என்னிடம் கோழிச் சீக்குக்கு மருந்து கேட்டார். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

“கான்ட்ராக்டர் என்ன சொல்லுதான் தெரியுமா? எறவானமே வேண்டாங்கான். மெட்ராஸ்ல இப்போ அதெல்லாம் கிடையாதாம். சுவரு முடியுத எடத்துல கூரையும் முடியணுமாம். ஃபேஷனாம். ஆசாரியக் கேட்டா மூணு அடி விடணுங்கான். வீட்டுக்காரியக் கேட்டா, அடுப்படி பெருசா இருந்தாச் சரிங்கா. நான் யாரு பேச்சக் கேக்க?”

எதற்கும் என்னிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். வாரா வாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களுக்கு அது தெரியாதா? ஆனால் அன்றைக்கு, “யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தால் — சீனி இல்லை.

இறவானம் என்றால் எனக்கு ஜெயமணி அக்கா ஞாபகம்தான் வரும்.

ஜெயமணி என் கூடப் பிறந்த அக்கா. புருஷர் பொன்னையா அத்தான், துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். ஒரே மகள் எஸ்தர். ஊருக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். யுத்தம் முடிந்த வருஷம் அக்காவுக்கு இருமல் வந்தது. நாசரேத்து உறவுக்காரர்களிடமிருந்து கஷாயம் வந்தது, தேன் வந்தது, ஜெபம் செய்த எண்ணெய் வந்தது. இருமல் போகவில்லை. ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் பார்த்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வியாதியின் பெயரை மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் வியாதி சின்னதாகிவிடுமா? டி.பி.

வீட்டுச் சொந்தக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நல்ல மனிதர். கையைக் கூப்பிக்கொண்டுதான் காலி செய்யச் சொன்னார். அடுத்து ஒரு வீடு பார்த்தோம். முன்பணம் வாங்கியவர் மறுநாள் காலையில் திருப்பிக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்... கையில்கூடத் தரவில்லை. அதற்கடுத்த வீட்டில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் போகுமுன்னே சேதி போய்விடுகிறது! ஊரைக் குறை சொல்லி என்ன? எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறவள் உங்கள் அக்காவாக இருந்தால் அந்த நியாயமெல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்காது.

அதிலிருந்து அக்கா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமப் பழகினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள்.

வாடகைக்கு வீடு கிடைக்காதவன் என்ன செய்வான்? கட்டத்தான் வேண்டும். ஊருக்கு வெளியே மாப்பிள்ளையூரணி ரோட்டோரம் அத்தானுக்கு அவர் அப்பா விட்டுப்போன மனை ஒன்று இருந்தது. அதில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு அக்காவைக் கொண்டு வந்தார். பக்கத்திலேயே வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னவை இரண்டு. ஒன்று, காலை வெயில் தினமும் அவள் நெஞ்சில் விழ வேண்டும். மருந்தென்று சொல்ல அப்போது அவரிடம் வேறு எதுவும் இல்லை. வெயில், காற்று, பால், முட்டை, ஓய்வு — இவ்வளவுதான் பிரிஸ்கிரிப்ஷன். இன்னொன்று, பிள்ளை அவள் இருக்கும் அறைக்குள் வரவே கூடாது. வெளியே ஜன்னலோரம் நின்று பேசலாம். தொடக் கூடாது.

எஸ்தருக்கு அப்போது ஏழு வயது. ஊருக்குள் அத்தானின் தங்கை வீட்டில் விட்டிருந்தோம்.

வீட்டு மனை ஒடுக்கம். அக்காவுக்கென்று ஒதுக்கிய அறையின் வடக்கே பக்கத்து மனைக்காரர் சுவர். தெற்கே அடுக்களை. மேற்கே கூடம். திறந்திருப்பது கிழக்கு மட்டும்தான். அங்கே பெரிய ஜன்னலாக ஒன்று வைத்தார் அத்தான். ஜன்னலுக்கு வெளியே சின்ன முற்றம், அதைத் தாண்டினால் ரோடு. உப்பளத்துக்குப் போகிற ஆட்கள் விடிந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போவார்கள். அந்த ஒரே ஜன்னல் வழியாகத்தான் வெயிலும் வர வேண்டும். எஸ்தரும் வர வேண்டும்.

சுவர் எழும்பி, இனிக் கூரைதான் பாக்கி என்கிறபோது ஆடி பிறந்துவிட்டது.

“ஆடியில உத்திரம் ஏத்த மாட்டேன் அய்யா” என்றார் ஆசாரி.

“நாங்க வேதக்காரங்க ஆசாரி. எங்களுக்கு ஏது ஆடி?”

“ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்குல்லா! உளி என் கைலதான இருக்கு?”

சர்ச்சுக்குப் போகிற வீட்டின் கூரை ஆடி முடியட்டும் என்று காத்திருந்தது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வீடு யாருடையதானாலும் நாள் ஆசாரியுடையது.

அத்தானுக்கு வந்த கோபத்தில் ஒரு யோசனையும் சேர்ந்து வந்தது. கொட்டகைக்குள்ளே இருட்டு. அடுப்புப் புகை வேறு. மறுநாள் காலையில் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய், கூரை இல்லாத அந்த அறைக்குள் போட்டார். அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். நாலு பக்கமும் சுவர். மேலே ஆகாசம். ரோட்டில் போகிறவர்கள் கண்ணுக்குப் படமாட்டாள், வெயிலோ தாராளமாக விழும்.

உறவுக்காரர்கள் விடுவார்களா? சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணாத வீட்டில் நோயாளியைப் படுக்க வைக்கலாமா என்று கேட்டார்கள்.

“கூரை இல்லாதது வீடா?” என்றார் அத்தான். “வீடே இல்லங்கும்போது ஜெபம் எதுக்கு?”

அந்த ஆடி மாதம் அக்காவுக்கு நன்றாக இருந்தது. நான் இதைச் சும்மா சொல்லவில்லை. சாயங்காலக் காய்ச்சல் குறைந்தது. முகத்தில் ஒரு நிறம் வந்தது. கச்சான் காற்று சுவருக்கு மேலே ஊளையிட்டுக்கொண்டு போகும்; இவள் கீழே வெயில் காய்ந்துகொண்டு பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம், “ஏளா சாரா, சாளமீன் குழம்பு கெடைக்குமா?” என்று கேட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் வாயால் ஒன்று கேட்கிறாள்! அத்தான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மீன் வாங்க ஓடினார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அழுகை வருகிற மாதிரியான சிரிப்பு.

அத்தானுக்கு அப்புறம் கூரை என்றாலே ஆகாமல் போய்விட்டது. “கூரை எதுக்குத்தான் போடணும்” என்று தனக்குள்ளேயே முணுமுணுப்பார். ஆவணி நெருங்க நெருங்க, ஆகாசத்தை யாரோ தன்னிடமிருந்து பிடுங்க வருகிறார்கள் என்கிற மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பார். ஐப்பசியில் மழை வரும். கூரை போடாமல் முடியாது. சரி... போடுகிற கூரையைக் கொஞ்சமாகப் போட்டால்? ஆசாரியைக் கூப்பிட்டுச் சொல்லியே விட்டார் — கிழக்கே இறவானம் வேண்டாம். சுவரோடு நிறுத்திவிடு. ஜன்னலுக்குள் வருகிற வெயிலில் ஒரு விரற்கடை குறையக் கூடாது.

“எறவானம் இல்லாத வீடா!” என்று வாயைப் பிளந்தார் ஆசாரி. “புருவத்த வழிச்ச மூஞ்சி மாதிரில்லா இருக்கும்!”

“இருக்கட்டும்” என்றார் அத்தான்.

இப்போது எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் அத்தானின் தங்கை அவளைக் கூட்டி வருவாள். வெயில் ஏறுகிற நேரம். மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லலாமே என்பீர்கள். மத்தியானம் ஆனால் அக்காவுக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கிவிடும், பேச முடியாது. ஆகையால் அந்த நேரம்தான். எஸ்தர் கவுனும் ரிப்பனுமாக வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். கிழக்குச் சுவரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஒண்டுவதற்கு ஒரு சாண் நிழல் கிடையாது. குடை கொடுத்துப் பார்த்தோம். கச்சான் காற்றில் குடை நிற்குமா? கம்பியைத் திருப்பிப் போட்டுவிட்டது. பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்து வியர்த்து ஊற்றும். கொஞ்ச நேரத்தில் அவள் அத்தை, “போதும், வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அக்கா வாரம் முழுவதும் சேர்த்து வைத்த பேச்சு பாதியில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் ஸ்கூல் டிராமாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவதை வேஷம். இறக்கை எப்படிக் கட்டினார்கள் என்று கையை விரித்துக் காட்டினாள். காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோரம் சரிந்து விட்டாள்.

அக்கா கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தை நான் பார்த்தேன். ஒரு மாதமாகப் பிடித்து நடத்த வேண்டியிருந்தவள் ஒரே எட்டில் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். பிள்ளையின் தலை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நீட்டிய கை அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக மடங்கி உள்ளே வந்துவிட்டது.

நான் வெளியே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் தண்ணீர் தெளித்தேன். வெறும் வெயில் மயக்கம்தான். இரண்டு மடக்கு மோர் குடித்ததும் எழுந்து உட்கார்ந்து, “டிராமா இன்னும் முடியல சித்தி” என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா தன் வலது கையை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே சொன்னாள்: “எறவானத்த நீளமா விடச் சொல்லுங்க.”

அத்தானுக்குப் புரியவில்லை. “என்னத்துக்கு?”

“பிள்ள உக்காருததுக்கு.”

“வெயிலு உள்ள வராதளா!”

“வராட்டா போகட்டும்.”

இப்படி ஆரம்பித்ததுதான். கூரை ஓரத்தில் ஒன்றிரண்டு அடிக்காக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்ததை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டேன். நடுவில் போய்ப் பேசப் போன எனக்கும் இரண்டு பக்கமும் திட்டு கிடைத்தது. அந்த ஒன்றிரண்டு அடி உள்ளே இருந்தால் அவளுக்கு வெயில். வெளியே நீண்டால் பிள்ளைக்கு நிழல். இரண்டும் அதே இடம்தான்! அதைப் பாதியாகப் பங்குபோட்டால் இரண்டு பேருக்குமே உதவாது.

ஆவணி பிறந்தது. ஆசாரி வந்தார். இரண்டு பேரும் இரண்டு அளவு சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சண்ட எதுக்கு? பாயக் கட்டிப் பாத்துருவோம்.”

கூரை போட்ட மாதிரி அறையின் மேலே ஓலையைப் பரப்பி மூடினார். கிழக்குச் சுவருக்கு மேலே இரண்டு கம்புகளைச் சாய்த்து, அதில் ஓலைப்பாயைக் கட்டினார். கயிற்றை இழுத்தால் பாய் வெளியே நீளும், விட்டால் உள்ளே சுருங்கும். அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தோம். வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்தோம்.

பாய் சுவரோடு இருந்தபோது வெயில் அவள் கழுத்துவரை விழுந்தது. ஆசாரி கொஞ்சம் இழுத்தார். வெயில் நெஞ்சுக்கு இறங்கியது.

“இன்னும் இழுக்கவா?”

“வேண்டாம்” என்றார் அத்தான்.

“இழுங்க ஆசாரி” என்றாள் அக்கா.

இழுத்தார். வெயில் வயிற்றுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. போர்வை மேல் அந்தக் கோடு இறங்கிக்கொண்டே போனதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவள் பாதத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கட்டிலைவிட்டுத் தரையில் இறங்கிவிட்டது.

“இப்போ வெளிய ஒரு பிள்ள தாராளமா உக்காரலாம்மா” என்றார் ஆசாரி, கயிற்றை விடாமல்.

“உள்ள தள்ளு!” என்று கத்தினார் அத்தான். “பாய உள்ள தள்ளு ஆசாரி!”

“தள்ளாதீங்க!”

ஆசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றை ஓர் ஆணியில் சுற்றிவிட்டு, “நீங்க பேசி முடிங்க. நான் ஒரு வெத்தல போட்டுட்டு வாரேன்” என்று வெளியே போய்விட்டார்.

அத்தான் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவர் பேசியது ரோடுவரைக்கும் கேட்டிருக்கும்.

“நீ இருந்தாத்தானளா பிள்ளைக்கு நெழலு? நீ இல்லாம எறவானத்த வச்சு நான் என்ன செய்ய? டாக்டர் என்ன சொன்னாரு? வெயிலுதான் மருந்துன்னு சொன்னாரா இல்லையா? அத நான் என் கையால மறைக்கணுமா?”

“அவ வந்து நிக்காட்டா நான் எதுக்கு இருக்கணும்?” என்றாள் அக்கா. “வாரம் ஒரு நாளு எம்பிள்ள வாரா. அவ நின்னு எரியுதா, நான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு எந்த வெயிலு ஒட்டும்?”

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், இரண்டு பேர் மேலும் பரிதாபம். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தால் நடுவில் நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வது?

அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

பிடிக்கப் போனேன். “தொடாத, நானே போவேன்” என்றாள். கதவு வைக்காத வாசல் வழியாக முற்றத்துக்கு இறங்கினாள். அவளை இப்போது ரோட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உப்பளத்துப் பெண்கள் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் போகிறவள், பாய் நிழலையும் தாண்டிப்போய் முற்றத்தின் நடுவில், வெயிலில், ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் இருமல் வந்தது. வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சத்தத்தை மறைக்கவில்லை. தலையணைக்குள் இத்தனை நாள் அடக்கிய இருமலையெல்லாம் இருமித் தீர்த்தாள். போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி பெட்டியை இறக்காமலே திரும்பி நின்றாள்.

இருமல் அடங்கியதும் அக்கா அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: “வெயிலு இங்கன நெறையக் கெடக்கு. காலைல நான் இங்கன வந்து வாங்கிக்கிடுதேன். எறவானத்த எம்பிள்ளைக்கு விடுங்க.”

“ரோட்டுல போறவங்க பாக்காங்க ஜெயம்...”

“பாக்கட்டும். இவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான இத்தன நாளும் சுவத்துக்குள்ள கெடந்து வெயிலத் தேடுனேன்? என்னத்தக் கண்டேன்?”

அத்தான் எழுந்து போய் அவளுக்கு எதிரே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரோட்டில் நின்றவர்கள் அதையும் பார்த்தார்கள்.

எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று சண்டை போடுகிறோம். அந்த வீட்டில் நடந்த சண்டையில் அடியும் இல்லை, அங்குலமும் இல்லை. ஊர் கண்ணுக்குப் பயந்து வெயிலைச் சுவருக்குள் கொண்டுவரப் பார்த்தோம். பயம் போனதும் கூரை எங்கே முடிய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சண்டைகளிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கலாம்... யோசித்துப் பாருங்கள்.

ஆசாரி மூன்று அடி விட்டார். சரிவு நீண்டதால் ஓரம் தாழ்ந்து வந்துவிட்டது. நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடிக்கும். அத்தான் தினமும் மறந்துபோய் இடித்துக்கொள்வார். அக்கா தினமும் சிரிப்பாள். காலையில் கட்டில் முற்றத்துக்கு வரும். சில பேர் அவளைக் கண்டதும் ரோட்டின் அந்த ஓரத்துக்கு மாறிப் போனார்கள். சில பேர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பெட்டியோடு திரும்பி நின்றாளே, அந்தப் பெண் மட்டும் நடையை நிறுத்தாமலே, “இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டு போவாள். “தேவல” என்பாள் அக்கா. தினமும் இவ்வளவுதான் பேச்சு. அவள் பேர் என்னவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

எஸ்தர் சனிக்கிழமையும் வர ஆரம்பித்தாள். வந்தால் மத்தியானம்வரை இருப்பாள். இறவானத்தின் கீழே பாய் விரித்துக்கொண்டு அவள், ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு அக்கா. இரண்டு பேரும் தாயம் விளையாடுவார்கள். அக்கா எதையும் தொட முடியாதே! அவளுக்கும் சேர்த்து எஸ்தரே சோழி உருட்டுவாள், எஸ்தரே காயை நகர்த்துவாள்.

“ஏளா கள்ளி! எனக்கு ஆறு விழுந்துச்சு. நீ நாலுதான வச்ச?”

“இல்லம்மா, விழுந்ததே நாலுதான்!”

“சாரா, நீ பாத்தியா இல்லையா?”

நான் பார்த்தேன். ஆறுதான். ஆனால் ஆசிரியைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. பிள்ளை நனையவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருக்க, மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அந்த மழைக்காலத்தில் என் அக்கா சந்தோஷமாக இருந்தாள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்த பங்குனியில் போய்விட்டாள்.

அத்தான் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெயில் போதாமல்தான் போனாளா? இல்லை என்றார் டாக்டர். நுரையீரல் இரண்டும் முதலிலேயே போய்விட்டதாம். ஆடியில் பார்த்த நிறம் கொஞ்ச நாள் நிறம்தானாம். அத்தான் அதை நம்பினாரா, நம்ப வேண்டும் என்று நம்பினாரா... நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ரோட்டின் அந்த ஓரமாகப் போனவர்களும் வந்தார்கள். அறைக்குள் வரப் பயம். ஆனால் வராமல் இருக்கவும் மனசில்லை. எல்லோரும் இறவானத்தின் கீழே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இடம் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி கேட்ட மறுநாள், அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது எஸ்தர் அங்கேதான் இருக்கிறாள். அந்த அறைக்கு எப்போதோ மருந்து அடித்து, வெள்ளையடித்து, மேஜை நாற்காலி போட்டாகிவிட்டது. அவள் இறவானத்தின் கீழே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ள வந்து எழுதேன்ளா. மேஜை இருக்குல்லா?”

“இங்கனதான் சித்தி வெளிச்சம் இருக்கு.”

மூன்றடி இறவானத்தின் கீழே வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை விட்டுப்போன சீனிக்காகக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மறக்கவில்லை.

“என்ன டீச்சரம்மா, யோசிச்சீங்களா? எறவானம் எவ்வளவு விடலாம்?”

“ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. ஒங்க வீட்டுக்குள்ள வர முடியாத ஆளு யாராவது ஒங்களுக்கு இருக்காங்களா?”

தராசுத் தட்டில் சீனி போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி சீனிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இருக்கா” என்றார்.

“அப்போ அவ வந்து உக்காருத அளவுக்கு விடுங்க.”

பொட்டலம் கட்டினார். நூலை இரண்டு தரம் அதிகமாகச் சுற்றினார். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“டீச்சரம்மா... மூணு அடி போதுமா? அவளுக்கு ரெண்டு பிள்ள.”